கடலூர், புதுச்சேரிக் கரையில் வீடு கட்டுவோருக்கு: நிலநடுக்கம் குறித்துச் சில அடிப்படைகள்

வீட்டு வரைபடத்தோடு வருகிறவர்களிடம், பில்லருக்குள் நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் கம்பி வளையங்களான ரிங்குகளைப் பற்றிப் பேச்செடுத்தாலே, "நம்ம ஊர்ல ஏது சார் பூகம்பம்?" என்ற கேள்வி வந்துவிடுகிறது. 2001 செப்டம்பர் 25 அன்று இரவு எட்டரை மணியளவில், புதுச்சேரிக்குக் கிழக்கே கடலடியில் ஏறத்தாழ 5.5 அளவில் ஏற்பட்ட நிலநடுக்கம் சென்னை வரை உணரப்பட்டது என்பதைப் பெரிய சேதம் இல்லாத காரணத்தாலேயே நாம் மறந்துவிட்டோம்.

நம் நாட்டைத் தாங்கியிருக்கும் பெரும் பாறைப் பலகையான இந்தியத் தட்டு ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வேகத்தில் நகர்ந்து ஆசியாவை முட்டிக்கொண்டிருக்கிறது. அந்த நெருக்கம் இமயமலையோடு நின்றுவிடாமல் தட்டு முழுவதும் பரவி, உட்பகுதியில் கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கிடக்கும் பழைய பிளவுகளின் மீதும் ஏறுகிறது. பிளவின் இரு பக்கப் பாறைகளும் உராய்வால் ஒன்றையொன்று பற்றியிருக்கும்வரை, வளைத்துப் பிடித்த மூங்கில் பிளாச்சைப் போல ஆற்றலைச் சேர்த்துக்கொண்டே போகின்றன. உராய்வு தாங்காத கணத்தில் சட்டென வழுக்கி நிமிர்கின்றன. தட்டின் விளிம்பில் இது அடிக்கடியும், நம் பக்கம் மிக அரிதாகவும் நிகழும். ஆனால் அரிது என்ற கணக்கை நம்பித்தான் மகாராஷ்டிராவின் கில்லாரிப் பகுதி நாட்டிலேயே ஆபத்து குறைந்த முதல் மண்டலத்தில் வைக்கப்பட்டிருந்தது. 1993 செப்டம்பர் 30 அதிகாலையில் அங்கே வந்த 6.2 அளவு நிலநடுக்கத்தில் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் இறந்தார்கள். 2002இல் வெளியான மண்டல வரைபடத்தில் முதல் மண்டலம் என்பதே நீக்கப்பட்டது. சென்னை இரண்டிலிருந்து மூன்றுக்கு உயர்த்தப்பட்டது. புதுச்சேரி இரண்டில் வைக்கப்பட்டது.

பிளவு எந்தத் திசையில் வழுக்குகிறது என்பதும் முக்கியம். 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா அருகே 9.1 அளவில் நிகழ்ந்ததில் ஒரு தட்டு மற்றொன்றின் மீது ஏறி, கடல்தரையையே தூக்கிவிட்டது; சுமார் 2,000 கிலோமீட்டர் தள்ளியிருந்த கடலூரின் தேவனாம்பட்டினக் கரையை அதனால் எழுந்த சுனாமி இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான அவகாசத்தில் வந்தடைந்தது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவில் நிகழ்ந்தபோது பாறைகள் பக்கவாட்டில் உரசி நகர்ந்தனவேயன்றிக் கடல்தரை பெரிதாக உயரவில்லை. நம் கரைக்குப் பேரலையும் வரவில்லை. தொலைக்காட்சியில் ரிக்டர் எண்ணை மட்டும் பார்த்துப் பதறுவதிலோ அமைதியடைவதிலோ பொருளில்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

இனி அலைகள். பிளவிலிருந்து முதலில் வருவது பி அலை. பூமியின் மேலோட்டுப் பாறையில் வினாடிக்குச் சுமார் 6 கிலோமீட்டர் வேகத்தில், தான் செல்லும் திசையிலேயே பாறையை அமுக்கியும் தளர்த்தியும் விரைகிறது. பின்னால் ஏறத்தாழ மூன்றரை கிலோமீட்டர் வேகத்தில் எஸ் அலை வருகிறது; இது செல்லும் திசைக்குக் குறுக்காக அசைப்பதால் நீருக்குள் பரவாது. கடைசியில் தரையை ஒட்டியே உருண்டும் நெளிந்தும் வருபவை மேற்பரப்பு அலைகள். 1897 அசாம் நிலநடுக்கத்தின் பதிவுகளை ஆராய்ந்து இந்த மூன்றையும் பிரித்தறிந்தவர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய ஆர்.டி. ஓல்டாம் என்பதைப் பொறியியல் மாணவர்கள்கூட அறிந்திருப்பதில்லை. அதிகத் தொலைவில்லாத நிலநடுக்கமானால், முதல் உலுக்கலுக்கும் பலமான இரண்டாவது உலுக்கலுக்கும் இடைப்பட்ட வினாடிகளை எட்டால் பெருக்கினால், அது எத்தனை கிலோமீட்டர் தொலைவில் நிகழ்ந்தது என்பது தோராயமாகக் கிடைத்துவிடும்.

கட்டடம் தன் எடையை நேர்கீழாகத் தாங்கவே பிறந்தது. அதனால் கீழிருந்து மேலேறி வரும் பி அலையின் மேல்கீழ் அதிர்வை ஓரளவு பொறுத்துக்கொள்கிறது. எஸ் அலையும் மேற்பரப்பு அலைகளும் அடித்தளத்தைப் பக்கவாட்டில் இழுக்கும்போதுதான் பில்லரும் பீமும் சேருமிடம் சோதனைக்குள்ளாகிறது. கடலூரை அடுத்த கேப்பர் மலையின் கெட்டியான மண்ணில் நிற்கும் வீட்டுக்கும், கெடிலமும் தென்பெண்ணையும் கொண்டுவந்து கொட்டிய வண்டலில் நிற்கும் வீட்டுக்கும் ஒரே நிலநடுக்கம் ஒரே அளவு அதிர்வைத் தராது. தளர்ந்த மண்ணில் அலையின் வேகம் குறைய, வீச்சு பெருகுகிறது. சில அடி தோண்டினாலே தண்ணீர் காணும் கரையோர மணலாக இருந்தால், பலத்த அதிர்வில் மணல் பிடிப்பை இழந்து குழம்பாகும் அபாயமும் உண்டு. மண் பரிசோதனைக்கு ஆகும் செலவை வீண் என்று கருதுபவர்கள், முன்வாசல் கிரானைட்டுக்குத் தயங்காமல் கொடுப்பதை அன்றாடம் பார்க்கிறேன்.

கீழ்த்தளம் முழுவதையும் கார் நிறுத்தத் திறந்து விட்டு, மேலே மட்டும் செங்கல் சுவர்களை நிரப்பும் அடுக்குமாடிகள் இன்று இரு ஊர்களிலும் பெருகிவிட்டன. மேல்தளங்கள் விறைப்பாக இருக்க, அசைவு முழுவதும் கீழ்த்தளப் பில்லர்களிலேயே குவிகிறது. 2001 ஜனவரியில் பூஜ் நிலநடுக்கத்தின்போது அகமதாபாத்தில் இடிந்த அடுக்குமாடிகளில் பல இவ்வகையைச் சேர்ந்தவை. இப்படிக் கட்டித்தான் ஆக வேண்டுமென்றால், கீழ்த்தளத்தில் காங்கிரீட் சுவர்களையோ கூடுதல் வலுவுள்ள பில்லர்களையோ வடிவமைப்பிலேயே கேட்டு வாங்குங்கள்.

ரிங்குகளுக்கு வருகிறேன். கம்பி கட்டுபவர்கள் வழக்கமாக ரிங்கின் முனையை 90 பாகையில் மடக்கி விடுகிறார்கள். பில்லர் பக்கவாட்டில் வளைந்து மேற்பூச்சுக் காங்கிரீட் உதிர்ந்தால், அந்த முனை பிரிந்துகொள்ள, உள்ளிருக்கும் நெடுங்கம்பிகள் பிதுங்கிவிடும். 135 பாகையில் மடக்கி, முனையைப் பில்லரின் உட்பகுதிக்குள் செருகினால் பிடி விடாது. இதற்கு ஒவ்வொரு ரிங்குக்கும் சில சென்டிமீட்டர் கம்பிதான் கூடுதலாகும். பில்லரின் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் ரிங்குகள் நெருக்கமாகவும், நடுவில் சற்று இடைவெளி விட்டும் இருக்க வேண்டும். காங்கிரீட் ஊற்றப் பலகை அடைப்பதற்கு முன்பே நேரில் போய், டேப் வைத்து அளந்து பாருங்கள். 90 பாகையில் இருந்தால் அவிழ்த்து மறுபடி மடக்கச் சொல்லுங்கள்.