சேர்லிஃப்ட் 'லோடிங்': ஏறுவதா, ஏற்றுவதா?

அமெரிக்கப் பனிச்சறுக்கு மலைகளில், தொங்கும் இருக்கையில் ஆளை மேலே கொண்டுபோகும் சேர்லிஃப்டின் அடிநிலையத்துக்குப் போனால் இரண்டு பலகைகள் கண்ணில் படும். ஒன்று, இங்கே காத்திருங்கள் என்று சொல்லும். கொஞ்சம் தள்ளி நிற்கும் இன்னொன்று 'லோட்' என்று சொல்லும். அங்கே நடக்கும் வேலைக்குப் பெயர் லோடிங். இதைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் முதலிலேயே ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். பயணி தானாக உட்கார்ந்தால் அது ஏறுதல். ஊழியர் உட்கார வைத்தால் அது ஏற்றுதல். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் போதும். நம் இலக்கணம் தன்வினை, பிறவினை என்று பிரித்துவிடுவதால், செய்தது யார் என்று சொல்லாமல் தமிழில் அந்த வாக்கியத்தை முடிக்க முடியாது. சேர்லிஃப்டிலிருந்து ஒருவர் விழுந்த பிறகு நீதிமன்றத்தில் நடக்கும் வாதமும் பெரும்பாலும் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் ஓடுகிறது.

சேர்லிஃப்ட் என்பது மலையடிக்கும் மேலுக்கும் இடையே ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு இரும்புக் கம்பிவடம். அதில் வரிசையாக இருக்கைகள் தொங்கும். மூடிய பெட்டியில் போகும் கோண்டோலா வேறு, இது வேறு. இங்கே கால் அந்தரத்தில் தொங்கும், சறுக்குப் பலகைகள் காலிலேயே மாட்டியிருக்கும். உத்தராகண்டின் ஔலியில் இதைப் பார்க்கலாம். பீகாரின் ராஜ்கீரில் ஒருவர் மட்டும் உட்காரும் பழைய வகை உண்டு. சிங்கப்பூர் சென்டோசாவில், சரிவில் உருண்டு இறங்கும் லூஜ் வண்டி ஓட்டப் போகிறவர்களை மேலே கொண்டுபோவதும் இதுதான்.

'சேர்' கிரேக்கத்தில் 'கதெத்ரா'வாகப் பிறந்து, லத்தீன், பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. 'லிஃப்ட்' வடக்கே ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்த சொல். அதன் அடியில் காற்று, வானம் என்ற பொருள் இருக்கிறது. லுஃப்தான்சா விமான நிறுவனத்தின் பெயரில் வரும் 'லுஃப்ட்' இதற்கு உறவு. ஆக, லிஃப்ட் என்றால் காற்றுவெளிக்கு உயர்த்துவது. 'லோட்' பழைய ஆங்கிலத்தில் வழி, பயணம், கொண்டுசெல்லுதல் என்ற பொருளில் இருந்தது. சுமை என்ற பொருள் பிறகுதான் அதில் ஒட்டிக்கொண்டது.

இந்த இயந்திரத்தின் பிறப்பிலேயே சுமை இருக்கிறது. 1936-ல் யூனியன் பசிபிக் ரயில் நிறுவனம் ஐடஹோ மாநிலத்தில் சன் வேலி என்ற பனிச்சறுக்கு விடுதியைக் கட்டியது. பயணிகளை மலையேற்ற வழி தேடியபோது, அந்த நிறுவனத்தின் பொறியாளர் ஜேம்ஸ் கர்ரன், கப்பல்களில் வாழைத்தார் ஏற்றும் இயந்திரத்தை நினைத்தார். ஓடும் வடத்தில் கொக்கிகள், கொக்கிகளில் தார்கள். கொக்கிக்குப் பதில் நாற்காலியைத் தொங்கவிட்டால் என்ன என்று கேட்டார். நெப்ராஸ்காவின் ஓமஹாவில் கோடைக்காலத்தில் ஒரு டிரக்கின் பக்கவாட்டில் நாற்காலியைக் கட்டி, நிற்கிற ஆளை அது பின்னாலிருந்து வாரி எடுக்கிறதா என்று ஓட்டிப் பார்த்தார்கள். பனி இல்லாததால் சக்கரக் காலணியும் போட்டுப் பார்த்தார்கள். அவர்களுக்குச் சிக்கலாக இருந்தது உயரமோ வடமோ இல்லை. நிற்காத நாற்காலியில் மனிதன் எப்படி உட்காருவது, அதற்கு எந்த வேகம் தாங்கும் என்பதைத்தான் அவர்கள் சோதித்தார்கள். வாழைத்தாரை ஏற்றத்தான் முடியும், அது தானாக ஏறாது. மனிதன் வந்த பிறகுதான் ஏறுதல் என்ற பாதி இந்த இயந்திரத்துக்குள் நுழைந்தது.

இன்றும் அந்தச் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. இருக்கை வடத்தோடு நிரந்தரமாகப் பிணைந்திருக்கும் வகையில், ஏறும் இடத்திலும் அது நொடிக்கு 2 மீட்டருக்கு மேல் ஓடும். பிரிந்து சேரும் பிடி கொண்ட நவீன வகை மலைமேல் நொடிக்கு 5 மீட்டர் போகும். ஆனால் நிலையத்துக்குள் வந்ததும் வடத்திலிருந்து கழன்று, சுமார் 1 மீட்டர் வேகத்துக்குத் தணிந்துவிடும். சில இடங்களில் ஏறுமிடத்தில் நகரும் தரைவிரிப்பும் இருக்கிறது. பயணியும் இருக்கை போகும் திசையிலேயே நகர்வதால் முழங்காலில் விழும் அடி குறையும்.

பயணியின் பங்கு இது: முன்னே போன இருக்கை கடந்ததும் கோட்டுக்கு நகர வேண்டும். கைத்தடிகளின் வாரைக் கழற்றி ஒரே கையில் பிடிக்க வேண்டும். முதுகுப் பையை முன்னால் மாட்ட வேண்டும், ஏனென்றால் அதன் பட்டை இருக்கையில் சிக்கினால் மேலே இறங்க முடியாமல் போகும். திரும்பிப் பார்த்து, இருக்கை தொட்டதும் நன்றாகப் பின்னால் தள்ளி உட்கார்ந்து, தடுப்புக் கம்பியை இறக்க வேண்டும். ஐரோப்பாவில் பல இடங்களில் 1.25 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள சிறுவர்கள் தனியாக ஏறக்கூடாது. பிரான்சில் சில மலைகளில் குழந்தையின் முதுகில் ஒரு உலோகத் தகடு வைத்த மேலாடை போட்டு, இருக்கையில் உள்ள காந்தம் அதைப் பிடித்துக்கொள்ளும்படி செய்திருக்கிறார்கள்.

பணியாளரின் பங்கு வெளியே அவ்வளவாகத் தெரிவதில்லை. அவர் கையில் மண்வெட்டி இருப்பதைப் பலரும் கவனித்திருப்பார்கள், ஏன் என்று யோசித்திருக்க மாட்டார்கள். ஏறுமிடத்துப் பனி தேயத் தேய இருக்கை உயரமாகிக்கொண்டே போகும். குட்டையானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அது எட்டாது. நாள் முழுக்கப் பனியை வாரிப் போட்டு அந்த உயரத்தைச் சரியாக வைத்திருப்பது ஏற்றுதலின் பாதி வேலை. ஆடி வரும் இருக்கையைக் கையால் பிடித்து நிதானப்படுத்துவது, தடுமாறுகிறவரைப் பார்த்து வேகத்தைக் குறைப்பது, சரியாக உட்காராமல் ஒருவர் கிளம்பிவிட்டால் அந்த நொடியே நிறுத்துவது எல்லாம் அவர் பொறுப்பு. என்னைக் கேட்டால் இந்தக் கடைசிதான் எல்லாவற்றிலும் பெரியது. இருக்கை கிளம்பிய முதல் சில மீட்டர்களுக்குள் நிறுத்தினால், நழுவுகிறவர் பனியில் பொத்தென்று விழுவதோடு போகும். அதே ஆள் நடுக்கம்பத்தைத் தாண்டித் தொங்கினால் நிறுத்தினாலும் ஆபத்து, நிறுத்தாவிட்டாலும் ஆபத்து. அதனால் 'ஏறிவிட்டார்' என்று சொல்ல உட்கார்ந்தது மட்டும் போதாது. அவர் ஒழுங்காக உட்கார்ந்திருப்பதைப் பணியாளர் கண்ணால் பார்த்த பிறகுதான் ஏற்றுதல் முடிகிறது.

கொலராடோ மாநிலச் சட்டத்தில் இரண்டு வினைகளும் அருகருகே நிற்கின்றன. அங்கே சட்டமொழியில் சேர்லிஃப்டும் 'டிராம்வே' வகைதான். டிராம் என்றதும் 1953-ல் நின்றுபோன சென்னை டிராமை நினைக்கிறவர்களுக்கு இது விநோதமாக இருக்கும். 1979-ல் வந்த பனிச்சறுக்குப் பாதுகாப்புச் சட்டம், பாதுகாப்பாகப் பயன்படுத்தத் தேவையான உடல்திறனும் அறிவும் இல்லாதவர் ஏறவே கூடாது, அல்லது கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே ஏற வேண்டும் என்கிறது. இது முழுக்க முழுக்க ஏறுதல். அப்புறம் 1998-ல், கிரெஸ்டட் பியூட் மலையில் ஒருவர் விழுந்த வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் மறுபக்கத்தைச் சொன்னது: லிஃப்ட் நடத்துபவர், நடைமுறைக்கு ஒத்துவரும் அளவில் மிக உயர்ந்த அக்கறையோடு அதை நடத்த வேண்டும். சறுக்கி விளையாடும்போது ஆபத்தைப் பயணி தன் விருப்பத்தால் ஏற்கிறார். இருக்கையில் தொங்கும்போது அவரால் எதையும் செய்ய முடியாது. இந்த வேறுபாட்டை நீதிமன்றம் பார்த்தது சரி என்றே நினைக்கிறேன்.

அதே மலையில் 2022-ல் 16 வயதுப் பெண் ஒருத்தி சரியாக உட்கார முடியாமல் இருக்கையில் தொங்கினாள். நிறுத்தச் சொல்லிக் கத்தியும் லிஃப்ட் நிற்கவில்லை என்பது வழக்கின் குற்றச்சாட்டு. சுமார் 30 அடி உயரத்திலிருந்து விழுந்து அவள் செயலிழந்த உடலோடு வாழ வேண்டியதாயிற்று. 'எங்களுக்குப் பொறுப்பில்லை' என்ற பத்திரத்தில் முன்பே கையெழுத்து வாங்கியிருந்தார்கள். 2024-ல் மாநில உச்ச நீதிமன்றம் பத்திரத்தை அடியோடு தள்ளிவிடவில்லை. ஆனால் சட்டமும் விதிகளும் விதித்த கடமையை மீறியதாகக் கூறும் வழக்கை அந்தப் பத்திரம் காட்டித் தடுக்க முடியாது என்றது.

இனி சொற்கள். சேர்லிஃப்டை 'நாற்காலி' சேர்த்து எழுத எனக்கு மனமில்லை. நான்கு கால் இருப்பதால் நாற்காலி. இதற்குக் காலே கிடையாது. இருக்கை பொருந்தும். பிரெஞ்சுக்காரர்களின் 'தெலெசியேஜ்', இத்தாலியரின் 'செஜ்ஜோவியா' இரண்டிலும் இருக்கைதான் இருக்கிறது. கேபிளுக்குக் கம்பிவடம் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள சொல், தேர்வடம் இழுத்தவர்களுக்கு விளக்கவும் வேண்டாம். கம்பிவட இருக்கை என்று எழுதலாம். பேச்சில் சேர்லிஃப்ட் என்றே இருக்கட்டும், பழனியில் ரோப் கார் என்று சொல்வதைப் போல.

'ஆபரேட்டர்' இதைவிடக் கவனம் கேட்கிறது. சட்டத்தில் அது நிறுவனம். ஏறுமிடத்தில் அது பொத்தானருகே நிற்கும் ஆள், பெரும்பாலும் ஒரு பருவத்துக்கு மட்டும் வேலைக்கு வந்த இளைஞர். இருவரையும் ஒரே சொல்லால் எழுதினால், பயிற்சி தராத நிறுவனத்தின் பிழையும் அந்த இளைஞர் தலையில் விழும். இயக்குநர் என்றால் சினிமா நினைவுக்கு வரும், நடத்துநர் என்றால் பேருந்து. நடத்தும் நிறுவனம், ஏற்றுமிடப் பணியாளர் என்று நீளமாகவே எழுதிவிடலாம்.

'லோடிங்' எங்கே வந்தாலும் யார் செய்யும் வேலை என்று பார்த்து ஏறுதல் அல்லது ஏற்றுதல் என்று எழுத வேண்டும். பயணிக்கான பலகையில் 'இங்கே ஏறவும்', பணியாளர் கையேட்டில் 'பயணிகளை ஏற்றும் முறை'. மேல்நிலையத்திலும் இதே கதைதான், இறங்குதலும் இறக்குதலும். சறுக்குப் பலகை இல்லாமல் போகும் சுற்றுலாப் பயணிக்கு இந்த இறங்குமிடம் இன்னும் முக்கியம், சறுக்கி விலக முடியாததால் அவர் நடந்தே வழிவிட வேண்டியிருக்கும். முதல் தடவை போகிறவர் கீழே பணியாளரிடம் அதைச் சொல்லிவிடுவது நல்லது. அவர் வேகத்தைக் குறைப்பார், மேலே இருப்பவருக்கும் போன் செய்து சொல்லிவிடுவார்.