மால்பெக்கின் கறுப்பு எங்கிருந்து வருகிறது?

மால்பெக் என்ற சிவப்பு வைன் திராட்சை ஒன்றைப் பிதுக்கினால் வருவது கிட்டத்தட்ட நிறமே இல்லாத சாறு. சாயமெல்லாம் தோலில்தான். அர்ஜென்டினாவின் மெண்டோசா மாகாணத்தில் பழத்தை நசுக்கித் தோலோடு சேர்த்தே நாள்கணக்கில் நொதிக்க விடுகிறார்கள். தோலின் சாயம் இறங்கி, சாறு நாவல்பழக் கறுப்புக்கு வந்துவிடும். கோப்பையைச் சாய்த்தால் ஓரத்தில் மட்டும் ஊதா தெரியும்.

இந்த ரகத்தின் பூர்விகம் தென்மேற்கு பிரான்ஸ். அங்கே கஹோர் பகுதியில், பூக்கும் நேரத்தில் குளிரும் மழையும் சேர்ந்து வந்தால் பிஞ்சு பிடிக்காமல் பூ கொட்டிவிடும். 1956இல் அடித்த உறைபனி அங்கிருந்த கொடிகளில் பெரும்பகுதியை அழித்தது. நல்லவேளை, 1853இலேயே மிஷேல் புஜே என்ற பிரெஞ்சு வேளாண் வல்லுநரின் முயற்சியில் மெண்டோசாவுக்குப் பிரெஞ்சு ரகங்கள் வந்திருந்தன. ஊரில் நோஞ்சானாக இருந்த மால்பெக், வந்த இடத்தில் தேறிவிட்டது. காரணம் ஆண்டிஸ் மலை.

பசிபிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையேறும்போதே மழையாகவும் பனியாகவும் கொட்டித் தீர்த்துவிடுகிறது. கிழக்கு அடிவாரத்தில் இருக்கும் மெண்டோசாவுக்கு ஆண்டுக்குச் சுமார் 200 மி.மீ. மழைதான். காற்று உலர்ந்திருப்பதால் பூஞ்சைத் தொல்லையும் குறைவு. பாசனத்துக்கு மலைப்பனி உருகி ஆறாக இறங்குகிறது. ஸ்பானியர் வருவதற்கு முன்பே அங்கிருந்த பூர்வகுடிகளான உவார்ப்பே மக்கள் அந்த நீரை வாய்க்கால் வெட்டித் திருப்பினார்கள். இன்றும் மெண்டோசா நகரத்தின் தெருவோரங்களில் வாய்க்கால்கள் உண்டு. ஆக, எப்போது எவ்வளவு பாய்ச்சுவது என்பது பெரும்பாலும் விவசாயி கையில். அளவோடு தண்ணீரைக் குறைத்தால் பழம் சிறுத்துப்போகும். சிறிய பழத்தில் சாற்றோடு ஒப்பிட்டால் தோலின் பங்கு கூடும். அப்புறம் நிறத்துக்குக் கேட்கவா வேண்டும்?

அடுத்தது உயரம். இங்குள்ள ஊக்கோ பள்ளத்தாக்கின் தோட்டங்கள் ஏறக்குறைய 900 முதல் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் 10 சதவீதம் போலக் கூடும். அதைத் தாங்க, பழத்தோல் ஃபிளேவனால் என்ற சேர்மங்களை நிறையச் சுரக்கிறது. குடை மாதிரி அவை கதிரைத் தடுக்கின்றன. அவற்றுக்குத் தனியாகப் பெரிய நிறம் இல்லை. ஆனால் ஆந்தோசயனின் என்ற சிவப்பு நிறமியோடு ஒட்டிக்கொண்டு அதன் நிறத்தை அழுத்தமாக்கும்.

விளம்பரங்கள் வெயிலைத்தான் பாடும். என் ஓட்டு இரவுக்கு. பகலில் இலைகள் சர்க்கரை செய்து பழத்துக்கு அனுப்புகின்றன. அதே சூட்டில் பழம் தன் புளிப்பான மாலிக் அமிலத்தை எரித்துத் தீர்க்கும். மலையடிவாரத்தில் இரவில் வெப்பநிலை பகலைவிட 15 டிகிரி வரைகூட இறங்குவதால் அந்த எரிப்பு மந்தமாகிறது. பழம் நன்றாகப் பழுத்தும் புளிப்பு மிஞ்சுகிறது. அது இல்லாவிட்டால் இத்தனை கறுப்பான வைன் வெறும் ஜாம் போல நாக்கில் கிடக்கும்.

மண்ணைப் பற்றி ஒரு வரி போதும்: மணலும் கூழாங்கல்லும் கலந்த ஆற்று வண்டல், தண்ணீர் நிற்காது.

ஆபத்தும் மேலிருந்துதான் வருகிறது. கோடையில் இடிமேகம் திரண்டால் ஆலங்கட்டி மழை. சில நிமிடங்களில் ஒரு தோட்டத்தின் மகசூலே போய்விடலாம். அதனால் பலர் கொடி வரிசைகளுக்கு வலை கட்டுகிறார்கள். வலை கொஞ்சம் வெயிலையும் மறைக்கும், செலவும் அதிகம். மலையில் பனி குறைந்த ஆண்டுகளில் வாய்க்காலிலும் நீர் குறைகிறது. பழைய தோட்டங்களில் கொடிகளின் அடியில் வெள்ளமாகப் பாய்ச்சுவதுதான் வழக்கம். மேட்டில் புதிதாக நடுபவர்கள் சொட்டுநீர்க் குழாயோடுதான் தொடங்குகிறார்கள்.