டிஸ்டன் ரம்பம் ஏன் மரத்தில் சிக்குவதில்லை?

பழைய ரம்பம் கையில் கிடைத்தால் நான் முதலில் துருவைப் பார்ப்பதில்லை. கைப்பிடியை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, நுனியைப் பிடித்துத் தகட்டை வில் மாதிரி வளைத்து விடுவேன். படக்கென்று நேராகத் திரும்பினால் ரம்பத்துக்கு இன்னும் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். பாதி வளைவிலேயே நின்றால் அதைச் சுவரில் மாட்டி அழகு பார்க்கலாம், மரம் அறுக்க முடியாது. அமெரிக்காவின் பழைய சாமான் சந்தைகளில் கிடைக்கும் டிஸ்டன் ரம்பங்களில், நூறு வயதைத் தாண்டியும் இந்தச் சோதனையில் தேறுபவை நிறைய உண்டு.

ஹென்றி டிஸ்டன் 1819-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். 1833-இல் தந்தையோடு பிலடெல்பியாவில் வந்து இறங்கினார். மூன்றே நாளில் தந்தை இறந்துபோனார். பையன் ரம்பப் பட்டறையில் தொழில் பழகி, 1840-இல் சொந்தமாகக் கடை போட்டார். அன்றைக்கு ரம்பத்துக்கு ஏற்ற நல்ல உருக்கு இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலிருந்துதான் வரவேண்டும். அதை நம்பியிருக்கப் பிடிக்காமல், 1855-இல் தன் உருக்கைத் தானே மூசையில், அதாவது உலோகம் உருக்கும் கலத்தில், காய்ச்ச ஆரம்பித்தார். (மூசையில் இரும்பை உருக்குவது தென்னிந்தியாவில் மிகப் பழைய கலை. ‘உருக்கு’ என்ற நம் சொல்லிலேயே அந்த வேலை ஒட்டிக்கொண்டிருக்கிறது.) 1870-களில் ஆலை பிலடெல்பியாவின் டக்கோனி பகுதிக்கு நகர்ந்தது. தொழிலாளர்களின் வீடுகளோடு அதைச் சுற்றி ஓர் ஊரே எழுந்தது. 1955-இல் நிறுவனம் குடும்பத்தின் கையை விட்டுப் போனது. பெயர் அப்புறமும் கைமாறிக்கொண்டிருந்தது, ஆனால் அந்தப் பழைய ரகக் கைரம்பம் நின்றுபோனது.

சரி, அந்த ரம்பத்தில் அப்படி என்ன இருக்கிறது? ரம்பம் மரத்துக்குள் இறங்க இறங்க, அறுத்த பள்ளத்தின் இரண்டு சுவர்களும் தகட்டை நெருக்கும். ஈர மரமாக இருந்தால் கவ்வியே பிடித்துவிடும். இதற்காகத்தான் ஒரு பல்லை இடப்பக்கமும் அடுத்ததை வலப்பக்கமும் லேசாகச் சாய்த்து ‘செட்’ வைக்கிறார்கள். பள்ளம் தகட்டை விட அகலமாகிவிடும், உரசல் குறையும். ஆனால் செட் கூடக் கூட, தூளாகும் மரமும் கூடும். அந்தத் தூள் அத்தனைக்கும் உங்கள் தோள்தான் கூலி கொடுக்க வேண்டும்.

டிஸ்டனின் உயர் ரக ரம்பங்கள் இதைத் தகட்டிலேயே தீர்த்தன. பல் பக்கத்தை விட முதுகுப் பக்கம் மெல்லிசு. முதுகிலும் கைப்பிடியை விட நுனி இன்னும் மெல்லிசு. அப்படி வரும்படி தகட்டைச் சாணை பிடித்திருப்பார்கள். பார்த்தால் தெரியாது, மைக்ரோமீட்டரை வைத்தால் தெரியும். பல் போட்ட பாதையில் பின்னால் வரும் தகடு அதை விட ஒல்லியாக இருப்பதால் சுவர்களை உரசுவதில்லை. கொஞ்சம் செட் வைத்தாலே போதும். என்னிடம் உள்ள டிஸ்டனின் ‘டி-8’ ரக ரம்பத்தில் முதன்முதலாகக் காய்ந்த பைன் பலகை ஒன்றை அறுத்தபோது, கையை அழுத்தவே தேவைப்படவில்லை. ரம்பத்தின் எடையே பல்லை உள்ளே இறக்கியது. டி-8 வந்தது 1874-இல். அதன் முதுகு நேராக இல்லாமல் உள்வாங்கி வளைந்திருக்கும். நுனியில் எடை குறைந்து, ரம்பம் கைக்குள் அடங்கி நிற்கும்.

அதே தகட்டில் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு வேலை உண்டு. இந்த ரம்பம் தள்ளும்போது அறுப்பது. தள்ளும்போது மெல்லிய தகடு மடங்கப் பார்க்கும். அதனால் தகட்டின் நடுப்பகுதியைச் சுத்தியலால் பக்குவமாகத் தட்டி, இம்மியளவு விரித்துவிடுவார்கள். விரிந்த நடு, விரியாத ஓரங்களை எப்போதும் இழுத்துப் பிடித்திருக்கும். விறைப்பாகக் கட்டிய கயிற்றுக் கட்டிலைப் போலத் தகடு துவளாமல் நிற்பது அதனால்தான். தொடக்கத்தில் சொன்ன ‘படக்’குக்கு நல்ல உருக்கோடு இந்தத் தட்டலும் காரணம். யாராவது முரட்டுத்தனமாக மடக்கிய ரம்பத்தில் இந்த இழுவிசை குலைந்திருக்கும். அதைத் திரும்பக் கொண்டுவரத் தெரிந்தவர்கள் இன்று அபூர்வம்.

எனக்கு எல்லாவற்றையும் விடப் பிடித்தது இந்த உருக்கின் கடினம்தான். உலோகத்தின் கடினத்தைச் சொல்லும் ராக்வெல் அளவில் கிட்டத்தட்ட 50. அரம் 60-க்கு மேல். மரத்தை அறுக்கப் போதிய கடினம் இருக்கிறது, அரம் தேய்த்தால் இணங்கியும் கொடுக்கிறது. இன்று கடையில் விற்கும் பல ரம்பங்களில் பல் நுனியை மட்டும் மின்சாரத்தால் நொடியில் சூடாக்கிக் கடினப்படுத்துகிறார்கள். நுனி கருநீலமாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கூர் நெடுநாள் நிற்கும், அது நிஜமான வசதிதான். ஆனால் மழுங்கிய பிறகு அந்தப் பல்லில் அரம் வழுக்கும். டிஸ்டனுக்கு ஒரு முக்கோண அரமும் அரைமணி நேரமும் போதும்.

கைப்பிடிக்குக் கீழே தகட்டின் மூலையில் ஓர் எண் குத்தியிருக்கும்: ஓர் அங்குலத்தில் எத்தனை பல்முனைகள் என்ற கணக்கு. ஐந்தரை என்றால் பெரும்பாலும் நார்வாட்டத்தில் கிழிக்கும் ரம்பம், பல் சின்ன உளி மாதிரி. எட்டு, பத்து என்றால் நாரைக் குறுக்கே வெட்டுவது, பல் கத்தி முனை மாதிரி. எண்ணை மட்டும் நம்பிவிடாதீர்கள். முந்தைய சொந்தக்காரர் பல்லையே மாற்றி வெட்டியிருக்கலாம், எண்ணிப் பாருங்கள்.

வயதைக் கண்டுபிடிக்கக் கைப்பிடியில் உள்ள பித்தளைப் பதக்கத்தைப் பாருங்கள். ‘அண்ட் சன்’ என்று ஒருமையில் இருந்தால் 1865-க்கும் சுமார் 1871-க்கும் இடைப்பட்டது. ‘சன்ஸ்’ என்றால் அதற்குப் பிந்தியது. முதுகில் நுனிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன முளை இருந்தால் அதற்குப் பயன் தேடி அலைய வேண்டாம். அது வெறும் அலங்காரம் என்று டிஸ்டன் நிறுவனமே சொல்லியிருக்கிறது.

துரு எடுக்கும்போது மட்டும் அவசரப்படாதீர்கள். தகட்டில் அமிலத்தால் பொறித்த முத்திரை துருவுக்கு அடியில் இருக்கலாம். சுழலும் கம்பி பிரஷ்ஷைக் கொண்டுபோனால் அது நிமிடத்தில் போய்விடும். நயமான உப்புத்தாளைத் தட்டையான மரக்கட்டையில் சுற்றி, மண்ணெண்ணெய் தொட்டு, நீளவாக்கில் தேயுங்கள். கட்டை மேடான இடத்தை மட்டுமே தொடும். பொறித்த பள்ளத்தில் கருமை தங்கும். பளபளக்கும் உருக்கின் நடுவே முதலில் ஒரு கோடு, பிறகு ஓர் எழுத்து, கடைசியில் டிஸ்டனின் முழுப்பெயரும் கருப்பாக எழுந்து வரும்.