பயத்துக்குக் காரணம் தேடும் மனம்

‘நிலம் லேசாக ஆடியது. எங்கள் ஊரில் ஓர் ஓடுகூட விழவில்லை. ஆனால் அன்று ராத்திரியே இதைவிடப் பெரிதாக ஒன்று வரப்போகிறது என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் செய்தி மேல் செய்தி. தப்பித்தவர்கள் ஏன் தங்களையே பயமுறுத்திக்கொள்கிறார்கள்?’ என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். சமூக உளவியலின் புகழ்பெற்ற கோட்பாடு ஒன்று உருவாக, ஏறக்குறைய இதே கேள்விதான் தூண்டுகோல். அதற்கான தகவலும் இந்தியாவிலிருந்துதான் போனது.

1934 ஜனவரி 15 அன்று பிகாரையும் நேபாளத்தையும் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. பத்தாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். தீண்டாமைப் பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை இது என்று காந்தி சொன்னார். தாகூர் அதை மறுத்து எழுதினார். இந்த விஷயத்தில் நான் தாகூர் பக்கம். அப்போது ஜமுனா பிரசாத் என்ற உளவியலாளர், அதிர்ச்சியை உணர்ந்தும் சேதமில்லாமல் தப்பிய பகுதிகளில் உலவிய வதந்திகளைத் திரட்டினார். பாட்னாவில் கடும் புயல் அடிக்கப்போகிறது, சந்திர கிரகணத்தன்று மறுபடி பூமி அதிரும், நேபாள எல்லையிலிருந்து மதுபனியை நோக்கி வெள்ளம் பாய்ந்து வருகிறது. பெரும்பாலானவை இப்படித்தான்.

1950களில் அமெரிக்க உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கருக்கு இது பெரும் புதிராக இருந்தது. டார்ஜிலிங் நிலச்சரிவு பற்றி துர்கானந்த் சின்ஹா செய்த ஆய்வும் அவர் கைக்கு வந்திருந்தது. அங்கே கண்ணெதிரே அழிவு இருந்தது. ஆனால் இன்னும் பெரிய ஆபத்து வரும் என்று சொல்லும் வதந்திகள் இல்லை. கடைசியில் அவருக்குப் பொறி தட்டியது. வதந்தி பயத்தை உண்டாக்கவில்லை. பயம் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, சுற்றிப் பார்த்தால் பயப்பட எதுவுமே இல்லை. இரண்டும் ஒட்டவில்லை. நெஞ்சுப் படபடப்பை நினைத்தவுடன் நிறுத்த முடியாது. ஆனால் ‘பெரிய ஆபத்து வருகிறது’ என்று நம்பிவிட்டால் படபடப்புக்கு நியாயம் கிடைத்துவிடும். இந்த ஒட்டாமைக்கு அவர் வைத்த பெயர் அறிதல் முரண்பாடு.

இதைச் சோதிக்க அவரும் சக ஆய்வாளர் கார்ல்ஸ்மித்தும் 1959இல் வெளியிட்ட பரிசோதனை எனக்கு எப்போதும் வியப்பைத் தருவது. மாணவர் ஒருவர் ஒற்றைக் கையால் 12 நூல்கண்டுக் கட்டைகளைத் தட்டில் அடுக்க வேண்டும், எடுக்க வேண்டும், மறுபடி அடுக்க வேண்டும். இப்படி அரை மணி நேரம். அடுத்த அரை மணி நேரம், பலகையில் செருகிய 48 சதுரக் குச்சிகளை ஒவ்வொன்றாகக் கால் சுற்று திருப்ப வேண்டும். சலிப்பூட்டுவதற்கென்றே வடிவமைத்த வேலை! முடிந்ததும், ‘வெளியே காத்திருக்கும் பெண்ணிடம் இது ரொம்ப சுவாரசியமாக இருந்தது என்று சொல்ல முடியுமா?’ என்று கேட்டார்கள். சிலருக்குக் கூலி 1 டாலர், சிலருக்கு 20 டாலர்.

பிறகு வேறொருவர், வேலை உண்மையில் எப்படி இருந்தது என்று விசாரித்தார். பொய் சொல்லும்படி கேட்கப்படாதவர்களின் சராசரி மதிப்பெண், −5 (மிகவும் சலிப்பு) முதல் +5 (மிகவும் சுவாரசியம்) வரையிலான அளவில், −0.45. 20 டாலர் வாங்கியவர்கள் −0.05. வெறும் 1 டாலர் வாங்கியவர்களோ +1.35!

அதிகப் பணம் வாங்கியவருக்குப் பொய்யை நியாயப்படுத்த அந்தப் பணமே போதும். 1 டாலருக்காகப் பொய் சொன்னேன் என்று யார்தான் ஒப்புக்கொள்வார்? சொன்னதை இனி மாற்ற முடியாது. மாற்றக்கூடியது கருத்து ஒன்றுதான். ஆகவே வேலை நிஜமாகவே நன்றாக இருந்ததாக மனம் நம்பத் தொடங்குகிறது. அவர்கள் நடிக்கவில்லை என்பதுதான் முக்கியம். வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புகிறவரும் பெரும்பாலும் உண்மையாகவே நம்பித்தான் அனுப்புகிறார் என்பது என் கருத்து.

எல்லாம் முடிந்துபோன சங்கதி இல்லை. தன் கருத்துக்கு எதிராகக் கட்டுரை எழுதச் சொல்லும், இதே வகைச் சோதனை ஒன்றை 39 ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து மறுபடி செய்து 2024இல் வெளியிட்டன. எழுதியவர்களின் கருத்து நகர்ந்தது சரி. ஆனால் விரும்பி எழுதியவர்களுக்கும் சொன்னதற்காக எழுதியவர்களுக்கும் கோட்பாடு எதிர்பார்த்த வித்தியாசம் தெரியவில்லை. அதனால்தான் ஆய்வுக்கூடத்துக்கு வெளியே, பிரசாத் செய்ததுபோன்ற வேலை இன்னும் தேவைப்படுகிறது. ஒவ்வொரு புயலுக்கும் வெள்ளத்துக்கும் பிறகு வதந்திகளைச் சுடச்சுடத் திரட்ட நம் பல்கலைக்கழக உளவியல் துறைகளுக்குத் தனி நிதி ஒதுக்க வேண்டும். நாலு மாணவர்களும் பயணப்படியும் இருந்தால் தொடங்கிவிடலாம்.