கத்தாளை மீன் தலைக்கல்லும் நம்ம நடையும்

ரெண்டு மாசம் முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை, வீட்ல கத்தாளை குழம்பு. எனக்கு மீன் தலைன்னா உசுரு, உறிஞ்சிக்கிட்டே இருக்கும்போது பல்லுல கடக்குன்னு ஒரு கல்லு. "மீன ஒழுங்கா கழுவலையா"ன்னு தம்பி முகத்த சுளிச்சான். ராமேஸ்வரம் பக்கத்துல கடலோரத் தங்கச்சிமடத்துல பொறந்து வளந்த பயலுக்கு இது தெரியலையேன்னு எனக்கு சிரிப்புதான் வந்துச்சு. அது வெளிய இருந்து வந்த கல்லே இல்ல, மீனோட காதுக்குள்ளயே வளர்ற கல்லு. மீன் எந்தப் பக்கம் சாயுது, மேல போகுதா கீழ போகுதான்னு அதுக்கு சொல்றதே அந்தக் கல்லுதான். மரத்துக்கு வளையம் எண்ணுற மாதிரி இதுல இருக்குற வளையத்த எண்ணி மீனோட வயசையும் கண்டுபிடிச்சிருவாங்க.

நம்ம காதுக்குள்ளயும் இதே சமாச்சாரம் இருக்கு, ஆனா கல்லா இல்ல, கண்ணுக்குத் தெரியாத தூளா. ஜெல்லி மாதிரி ஒரு படலம், அது மேல கால்சியம் கார்பனேட் துகள், அதாவது கரையில கெடக்குற சிப்பியும் சங்கும் எதுல ஆச்சோ அதே பொருள். தலைய சாய்ச்சா துகளோட பாரத்துல ஜெல்லி சரியும், அடியில இருக்குற மெல்லிசான முடி செல்கள் வளையும், மூளைக்கு சேதி போயிரும். அது போக காதுக்கு மூணு அரைவட்டக் குழாய் இருக்கு, உள்ள திரவம். தண்ணிக்குடத்த பட்டுன்னு திருப்பிப் பாருங்க, குடம் திரும்பிரும், உள்ள தண்ணி கொஞ்சம் பின்தங்கும்ல, அந்தப் பின்தங்கல வச்சுதான் தலை எந்தப் பக்கம் சுத்துதுன்னு மூளை கணக்குப் போடுது.

காது மட்டும் போதாது. கண்ணும் சொல்லணும், பாதமும் தசையும் மூட்டும் சொல்லணும். மூணு பேரும் ஒரே கதைய சொன்னா பிரச்சனை இல்ல. விசைப்படகு கேபின்ல உக்காந்துக்கிட்டு செல்போன நோண்டுனா கண்ணு "எல்லாம் அசையாம இருக்கு"ங்கும், காது "ஆடுது ஆடுது"ங்கும், அப்புறம் வாந்திதான். எங்க சித்தப்பா வத்தையில, அதான் சின்னப் படகுல, நின்னுக்கிட்டே வலை இழுப்பாரு, கச்சான் காத்து அடிச்சாலும் அசர மாட்டாரு, நான் அதே எடத்துல ரெண்டு நிமிஷம் நின்னேன், மூணாவது நிமிஷம் மீன் கூடை மேல உக்காந்திருந்தேன்.

இப்ப நடைக்கு வருவோம். நடக்கும்போது ரெண்டு காலும் சேந்து தரையில இருக்குற நேரம் சுமார் 20 சதவீதம்தான், மீதி 80 சதவீதம் ஒத்தக் கால்லதான் நிக்கிறோம், அதுவும் முன்னாடி விழுந்துக்கிட்டே, அடுத்த காலக் கொண்டுபோய் ஊணி தப்பிச்சுக்கிட்டே. இத நாம யோசிச்சா செய்றோம்? கால் மாத்தி மாத்தி வைக்கிற தாளம் பெரும்பாலும் தண்டுவடத்துலயே ஓடுது, தடுமாறாம திருத்திக் குடுக்குறது சிறுமூளை. பேருதான் சிறுமூளை, மொத்த மூளை எடையில பத்துல ஒரு பங்குதான், ஆனா மூளையில இருக்குற சுமார் 8600 கோடி நரம்பு செல்லுல அஞ்சுல நாலு அங்கதான் இருக்கு.

ஆனாலும் முழுசும் தானா நடக்குறதில்ல, மேல்மூளையோட கவனமும் கொஞ்சம் செலவாகும். இத வீட்லயே பாக்கலாம். தம்பிய ஒத்தக் கால்ல கண்ண மூடி நிக்கச் சொல்லி, 100லேருந்து ஏழு ஏழா கழிடான்னேன். 93, 86, 79 வரைக்கும் பய நல்லா வந்தான், 72ல ஆட்டம், 65 சொல்லும்போது கால ஊணிட்டான். கணக்கு, நிக்கிறது ரெண்டுக்கும் கவனம் ஒரே பர்ஸ்லேருந்துதான் போகுது. நிக்கிற செலவு கம்மியானா கணக்குக்கு மிச்சம் இருக்கும், பேலன்ஸும் யோசனையும் ஒண்ணுக்கொண்ணு சொந்தம்னு சொல்றது இதனாலதான். வயசானவங்க பேசும்போது நடையை நிறுத்திட்டுப் பேசுறதுலயும் இதே கணக்குதான் ஓடுது.

தம்பி குரூப் 4க்கு படிக்கிறான், நாள் முழுக்க ரூமுக்குள்ளயேதான். நடந்தா மூளைக்கு நல்லதுன்னு சொன்னா ஆதாரம் கேக்குறான். இருக்குற ஆதாரத்த ஒழுங்கா சொல்லணும்ல. 2011ல அமெரிக்காவுல வந்த ஒரு ஆய்வுல 120 பேர ரெண்டா பிரிச்சு, ஒரு பாதிய வாரத்துக்கு மூணு நாள் 40 நிமிஷம் நடக்க விட்டாங்க, ஒரு வருஷத்துல அவங்களோட ஹிப்போகேம்பஸ், அதாவது ஞாபகத்துக்கு முக்கியமான பகுதி, சுமார் 2 சதவீதம் பெருசாச்சு, உடம்ப நீட்டி மடக்குற பயிற்சி மட்டும் செஞ்ச மீதிப் பாதிக்கு அது சுருங்குச்சு. ஆனா அவங்க எல்லாரும் 55லேருந்து 80 வயசு, இருபது வயசுப் பயலுக்கு அத அப்படியே ஒட்ட முடியாது.

எளவட்டத்துக்கு ஏற்கனவே மூளை உச்சத்துல இருக்கு, ஏற இடம் கம்மி. வேகமா நடந்து முடிச்ச கையோட கவனத்துல கொஞ்சம் முன்னேற்றம் தெரியும், சிவப்புங்கிற வார்த்தைய நீல மையில எழுதி என்ன கலருன்னு கேக்குற ஸ்ட்ரூப் டெஸ்ட் இருக்குல்ல, 1935லேருந்து இருக்குறது, அந்த மாதிரி டெஸ்ட்ல பதில் சட்டுன்னு வரும். ஆனா வித்தியாசம் சின்னதுதான். எனக்கு பிடிச்சது அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துலேருந்து 2014ல வந்த ஆய்வு: நடந்துக்கிட்டே யோசிச்ச மாணவர்களுக்கு ஒரு சாமானுக்கு புதுசு புதுசா என்ன உபயோகம்னு ஐடியா கொட்டுச்சு, ட்ரெட்மில்லுல சுவத்தப் பாத்து நடந்தாக்கூட. ஆனா ஒரே ஒரு சரியான விடை இருக்குற புதிர்ல உக்காந்திருந்தவங்கள விட கொஞ்சம் கீழதான். அதனால அப்ஜெக்டிவ் பேப்பரை நடந்துக்கிட்டே போட்டுப் பாக்காதடான்னு தம்பிகிட்ட சொல்லிட்டேன்.

பேலன்ஸ் விஷயத்துல என் கருத்து, தார் ரோட்டுல காதுல ஹெட்செட் மாட்டிக்கிட்டு நடக்குறது எளவட்டத்துக்கு பெருசா எதுவும் குடுக்காது, ஒடம்புக்கு அது ஏற்கனவே மனப்பாடம். தடுமாறணும், அப்பதான் சிறுமூளை தப்பப் பாத்து திருத்திக்கும். அதுக்கு தனுஷ்கோடி மணல் இருக்கே! ஒரு பக்கம் அலையடிக்கிற ஆண்கடல், மறுபக்கம் சாந்தமான பெண்கடல், நடுவுல காலு புதையுற மணலு. அதே வேகத்துல கெட்டித் தரையில நடக்குறத விட மணல்ல 2.1லேருந்து 2.7 மடங்கு சக்தி செலவாகும்னு அளந்திருக்காங்க. ஒவ்வொரு அடிக்கும் பாதம் வேற சேதி அனுப்பும், கணுக்கால் அத உடனே சரிக்கட்டணும். கணுக்கால் பிசகுனவங்க மட்டும் அலை நனைச்சு இறுகுன மணல்ல ஆரம்பிக்கலாம்.

இப்ப தம்பி தெனம் சாயங்காலம் என்கூட நம்ம ஊர்க் கரையில மணல்லயே வர்றான். போன வாரம் அதே கழித்தல் டெஸ்ட், 51 வரைக்கும் நின்னுட்டான். நடையாலதான்னு அவனுக்கு ஒரே பெருமை. ஏழாம் வாய்ப்பாடு பழகிப்போனதாலயும் இருக்கலாம், ஆய்வுல நடக்காத ஒரு குரூப்பையும் வச்சு ஒப்பிடுறது இதுக்குத்தான்டான்னு சொல்லிட்டு, சரி 200லேருந்து பதிமூணு பதிமூணா கழின்னேன். 187 சொல்லிட்டு கால ஊணிட்டான்.