ஐந்தாண்டு உயிர்வாழ்வு: அந்தச் சதவீதத்தை எப்படிப் படிப்பது?

புற்றுநோய்ப் பதிவேட்டுத் தரவுகளை அலசிப் பார்ப்பது என் வேலை. நோயாளிகளை நான் நேரில் பார்ப்பதில்லை. ஆனாலும் தெரிந்தவர்கள் வழியாக யாராவது அழைத்துவிடுவார்கள். போன மாதம் ஒரு பெண் அழைத்தார். அம்மாவுக்குப் பெருங்குடல் புற்றுநோய். இணையத்தில் தேடிப் படித்திருக்கிறார். "சார், அஞ்சு வருஷ சர்வைவல்னு ஒரு கணக்குப் போட்டிருக்காங்களே, அப்போ அம்மாவுக்கு அஞ்சு வருஷம்தானா?" என்று கேட்டு முடிப்பதற்குள் குரல் தழுதழுத்துவிட்டது.

இதே கேள்வியைப் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அந்த ஐந்து வருடம் கெடு அல்ல. நோய் உறுதியான நாளிலிருந்து ஐந்து வருடம் முடியும்போது எத்தனை பேர் உயிரோடு இருந்தார்கள் என்று எண்ணுகிறோம், அவ்வளவுதான். அன்று உயிரோடு இருந்தவர்களில் பலர் அதற்கப்புறம் இருபது, முப்பது வருடம்கூட வாழ்ந்திருப்பார்கள். அந்தச் சதவீதத்தில் அது தெரியாது.

சரி, அந்த எண் எங்கிருந்து வருகிறது? ஒரு மருத்துவமனையின் கணக்கை வைத்துச் சொல்ல முடியாது. பெரிய மருத்துவமனைக்குச் சிக்கலான நோயாளிகள் வருவார்கள். வசதியுள்ளவர்கள் போகும் இடத்தில் ஆரம்ப நிலையிலேயே கண்டுபிடிக்கப்பட்டவர்கள் அதிகம் இருப்பார்கள். ஒரு பகுதியில் வசிப்பவர்களில் யாருக்குப் புற்றுநோய் வந்தாலும், எங்கே சிகிச்சை எடுத்தாலும், எடுக்காமலே போனாலும், எல்லாரையும் ஒன்றுவிடாமல் எழுதுவதுதான் மக்கள்தொகைப் பதிவேடு. 1926இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் மூன்று செவிலியர்கள் மருத்துவமனைகளுக்கும் மருத்துவர்களிடமும் முறைவைத்துப் போய்ப் புதிய நோயாளிகளின் பெயர்களைக் குறித்து வந்தார்கள். இந்த வேலையின் தொடக்கம் என்று அதைத்தான் சொல்வார்கள். 1940களின் தொடக்கத்தில் டென்மார்க் நாடு முழுவதற்குமான பதிவேட்டைத் தொடங்கியது.

பதிவேட்டில் ஒரு நோயாளி என்பது ஒரு வரி. பிறந்த தேதி, பாலினம், வசிப்பிடம், கட்டி எந்த உறுப்பில், எந்த வகைச் செல், எந்த ஸ்டேஜ், உறுதியான தேதி, அது பயாப்சியில் உறுதியானதா. கடைசியாக ஒரு கட்டம்: உயிரோடு இருக்கிறார் என்று கடைசியாகத் தெரிந்த நாள், அல்லது இறந்த நாள். உயிர்வாழ்வுக் கணக்கு முழுவதும் இந்தக் கடைசிக் கட்டத்தை நம்பித்தான் இருக்கிறது. அதிகம் பிழை நேர்வதும் அங்கேதான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பதிவேட்டின் தரவு என் மேசைக்கு வந்தது. நான் முதலில் பார்ப்பது கணையப் புற்றுநோயைத்தான். எந்த நாட்டிலும் அதில் உயிர்வாழ்வு மிகக் குறைவு. அங்கே எண் உயர்ந்திருந்தால் சந்தோஷப்படுவதற்கு முன் சந்தேகப்பட வேண்டும். உயர்ந்திருந்தது. வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தால், 110 வயதைத் தாண்டியும் 'உயிரோடு' இருந்தவர்கள் வரிசையாக வந்தார்கள். அவர்கள் எப்போதோ இறந்துவிட்டவர்கள். வேறு ஊரில் இறந்ததால் பதிவேட்டுக்குத் தகவல் வரவில்லை. சிலருக்கு இறப்புப் பதிவில் பெயரின் எழுத்து மாறியிருந்ததால் இரண்டும் ஒரே ஆள் என்று கணினிக்குப் புலப்படவில்லை. எங்கள் தொழிலில் இவர்களை 'மரணமில்லாதவர்கள்' என்று சொல்வோம். அவர்களைத் தேடிச் சரிசெய்யவே மூன்று மாதம் ஆனது. சரிசெய்த பிறகு உயிர்வாழ்வு விகிதம் கீழே இறங்கியது. அந்த அறிக்கையை அப்படியே வெளியிட்டிருந்தால், சிகிச்சை நன்றாகத்தான் நடக்கிறது என்று எல்லாரும் நம்பியிருப்பார்கள்.

இன்னொரு சிக்கல். எழுபத்தைந்து வயதில் புற்றுநோய் வந்தவர் மாரடைப்பிலும் இறக்கலாம். அதைப் புற்றுநோயின் கணக்கில் சேர்ப்பது நியாயமில்லை. இறப்புச் சான்றிதழில் எழுதும் காரணத்தையும் முழுதாக நம்ப முடியாது. அதனால் அதே வயது, அதே பாலினம் கொண்ட பொதுமக்கள் அந்தக் காலத்தில் எவ்வளவு பேர் இறந்தார்கள் என்ற அட்டவணையோடு ஒப்பிடுகிறோம். அறிக்கைகளில் 'ஒப்பீட்டு உயிர்வாழ்வு', 'நிகர உயிர்வாழ்வு' என்று வருவதெல்லாம் இந்த வழியில் போட்ட கணக்குகள்.

அப்புறம், தரவு சுத்தமாக இருந்து, கணக்கும் சரியாக இருந்து, அதைப் படிப்பவர் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

ஒருவருக்கு 64 வயதில் அறிகுறி வந்து நோய் தெரிகிறது, 67இல் இறக்கிறார். ஐந்து வருடக் கணக்கில் அவர் தோல்வி. அதே மனிதருக்கு 60 வயதிலேயே ஒரு ஸ்கேனில் கட்டி தெரிந்துவிட்டது, சிகிச்சையால் எந்த மாற்றமும் இல்லை, 67இல்தான் இறக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது ஏழு வருடம். கணக்கில் அவர் வெற்றி. ஆனால் அவர் வாழ்க்கையில் ஒரு நாள்கூடக் கூடவில்லை. நோயாளியாக வாழ்ந்த காலம்தான் நான்கு வருடம் கூடியது. கண்டுபிடிக்கும் நாளை முன்னுக்குத் தள்ளினாலே உயிர்வாழ்வு விகிதம் ஏறிவிடும்.

தென்கொரியா இதைப் பெரிய அளவில் பார்த்தது. 1999இல் அங்கே தேசியப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. தைராய்டு அந்தத் திட்டத்தில் இல்லை. ஆனால் கூடுதலாகக் கொஞ்சம் கட்டணம் வாங்கிக்கொண்டு தைராய்டு ஸ்கேனையும் பல இடங்களில் சேர்த்துச் செய்தார்கள். 2011இல் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்பட்ட விகிதம் 1993இல் இருந்ததைப் போல் 15 மடங்கு. இறப்பு விகிதம் மட்டும் மாறவில்லை. உயிர்வாழ்வு விகிதம் நூறு சதவீதத்தை நெருங்கியது. அந்த எண்ணை மட்டும் பார்த்திருந்தால் வெற்றி என்றுதான் கொண்டாடியிருப்பார்கள். உண்மையில் கண்டுபிடிக்கப்பட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை வாழ்நாள் முழுவதும் தொந்தரவு தந்திருக்காத சிறு கட்டிகள். அதற்காகச் சுரப்பியை எடுத்துவிட்டு ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிடும் நிலைக்குப் பல்லாயிரம் பேர் வந்தார்கள். சிலருக்குக் குரல்நாண் செயலிழந்தது. 2014இல் மருத்துவர்கள் சிலர் இதை வெளிப்படையாகப் பேசிய பிறகுதான் அறுவைச் சிகிச்சைகள் சட்டென்று குறைந்தன. ஜப்பானில் ஆறு மாதக் குழந்தைகளுக்குச் சிறுநீர்ப் பரிசோதனை மூலம் நியூரோபிளாஸ்டோமா என்ற குழந்தைப் பருவப் புற்றுநோயைத் தேடும் திட்டத்தை இதே போன்ற காரணத்தால் 2004இல் நிறுத்தினார்கள்.

பரிசோதனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கருப்பை வாய், பெருங்குடல் புற்றுநோய்களுக்கான பரிசோதனை இறப்பையும் குறைத்திருக்கிறது, நோயே வராமலும் தடுத்திருக்கிறது. அது நமக்கு எப்படித் தெரியும்? புதிதாக எத்தனை பேருக்கு வந்தது, எத்தனை பேர் இறந்தார்கள், எத்தனை காலம் வாழ்ந்தார்கள் என்ற மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததால். உயிர்வாழ்வு மட்டும் ஏறி, வயது வித்தியாசத்தைச் சரிசெய்த இறப்பு விகிதம் அசையாமல் நின்றால், அங்கே ஏதோ ஒன்று சரியில்லை. இனிமேல் செய்தித்தாளில் 'உயிர்வாழ்வு உயர்ந்தது' என்று தலைப்பைப் பார்த்தால், இறப்பு விகிதம் என்ன ஆனது என்று அதே செய்தியில் தேடுங்கள்.

மாத்திரைகளைப் பற்றிய செய்திகளிலும் இப்படி ஒரு பொறி உண்டு. நோய் தெரிந்து மூன்றாம் வருடம் ஒரு மாத்திரையை ஆரம்பித்தவர், அந்த மூன்று வருடமும் உயிரோடு இருந்ததால்தான் ஆரம்பிக்கவே முடிந்தது. அந்தக் காலத்தையும் மாத்திரையின் கணக்கில் சேர்த்தால் எந்த மாத்திரையும் உயிர் காக்கும். நீரிழிவுக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் புற்றுநோயைப் பெரிய அளவில் தடுக்கிறது என்று வந்த ஆய்வுகளில் பலவற்றில் இதுபோன்ற காலக் கணக்குப் பிழை இருந்ததை 2012இல் சாமி சுய்சா, லாரன்ட் அசூலே என்ற இரண்டு ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள்.

இத்தனை எச்சரிக்கைக்குப் பிறகும் இந்தப் பதிவேடுகள்மேல் எனக்கு இருக்கும் மதிப்பு குறையவில்லை. கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் ஹெச்பிவி வைரஸுக்கு எதிரான தடுப்பூசி, அந்தப் புற்றுநோயையே தடுக்குமா, புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்களை மட்டும்தானா என்ற கேள்வி நெடுநாள் இருந்தது. ஸ்வீடனில் 2006 முதல் 2017 வரை, 10 முதல் 30 வயதுக்குட்பட்ட சுமார் 16.7 லட்சம் பெண்களின் தடுப்பூசிப் பதிவையும் புற்றுநோய்ப் பதிவையும் குடிமக்கள் அடையாள எண் வழியாக இணைத்தார்கள். 17 வயதுக்கு முன் ஊசி போட்டவர்களிடம் கருப்பை வாய்ப் புற்றுநோய் 88 சதவீதம் குறைவு. ஒரு பெண்ணைக்கூட நேரில் அழைத்துச் சோதிக்காமல், பல வருடங்களாக யார் யாரோ பொறுமையாக நிரப்பிய கட்டங்களிலிருந்து வந்த பதில் இது.

அந்தப் பெண்ணிடம் இவ்வளவும் சொல்லவில்லை. ஒன்றுதான் கேட்டேன்: "அம்மாவுக்கு எப்போ தெரிஞ்சுது?"

"மூணு வருஷம் ஆச்சு சார். இப்போ நல்லா இருக்காங்க, செக்கப்புக்கு மட்டும் போறோம்."

அப்படியானால் அவர் படித்த எண் இன்றைய அவருடைய அம்மாவுக்கானது அல்ல. அது நோய் தெரிந்த முதல் நாளில் நிற்பவர்களுக்கான எண். முதல் வருடத்திலேயே இறந்தவர்களும் அதில் அடக்கம். மூன்று வருடத்தைத் தாண்டியவர்களை மட்டும் தனியாக எடுத்து, அவர்கள் அடுத்த ஐந்து வருடம் எப்படி இருந்தார்கள் என்று பார்த்தால், பெருங்குடல் புற்றுநோயில் அந்த விகிதம் தெளிவாக உயர்வாக வரும். ஸ்டேஜைப் பொறுத்து எவ்வளவு என்பதை அவருடைய மருத்துவர்தான் சொல்ல முடியும் என்றேன்.

கொஞ்ச நேரம் அமைதி. பிறகு அவரே சொன்னார். இரண்டு வாரத்துக்கு முன் எங்கிருந்தோ அழைத்து, அம்மா இருக்கிறார்களா என்று கேட்டார்களாம். அந்தக் கேள்வியில் கோபம் வந்து, பதில் சொல்லாமல் கட் செய்துவிட்டாராம்.

அது அநேகமாக அந்தக் கடைசிக் கட்டத்தை நிரப்புவதற்காக வந்த அழைப்பாகத்தான் இருக்கும் என்றேன். கேட்ட விதம் தவறு, அதில் சந்தேகமில்லை. ஆனால் எதற்காகக் கேட்டார்கள் என்று விளக்கினேன்.

"அடுத்த தடவை எடுத்து, அம்மா நல்லா இருக்காங்கன்னு சொல்லிடறேன் சார்" என்றார்.