பின்னம்: உடைந்த துண்டா, பகுத்த பங்கா?

மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் தங்கை மகள் போன விடுமுறையில் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே கேட்டாள்: "மாமா, பின்னம்னா பின்னாடி வர்றதா?" முழு எண்கள் முடிந்த பிறகுதானே அந்தப் பாடம் வருகிறது, அவள் அப்படி நினைத்ததில் தப்பே இல்லை. பாடத்தின் தலைப்பையே நாம் குழந்தைகளுக்கு விளக்குவதில்லை. நேராக ஒரு வட்டத்தை வரைந்து, நாலாகப் பிரித்து, ஒன்றுக்கு வண்ணம் அடிக்கச் சொல்லிவிடுகிறோம்.

பின்னம் என்ற சொல்லுக்கும் பின், பின்னால் என்ற தமிழ்ச் சொற்களுக்கும் உறவு இல்லை. பின்னல் சடைக்கும் இல்லை. இது வடமொழியிலிருந்து வந்தது. 'பித்' என்ற வேருக்குப் பிளப்பது, உடைப்பது என்று பொருள். 'பின்ன' என்றால் பிளவுபட்டது. பழைய பொருள் தமிழ்ப் பேச்சில் இன்னும் அப்படியே இருக்கிறது. சின்னாபின்னம் என்கிறோமே, அதில் வரும் 'சின்ன' சிறியது அல்ல, வெட்டுண்டது; வெட்டுண்டு பிளந்து கிடப்பதுதான் சின்னாபின்னம். கோயிலில் கையோ மூக்கோ உடைந்த சிலையைப் பின்னமான சிலை என்பார்கள். ஆங்கிலத்தின் ஃபிராக்‌ஷனும் உடைத்தல் என்ற லத்தீன் வினையிலிருந்து வந்ததுதான். எலும்பு முறிந்தால் ஃபிராக்சர் என்கிறோமே, அதுவும் அதே வேர். அரபியில் பின்னத்துக்குக் கஸ்ர் என்று பெயர், அதற்கும் உடைப்பு என்றே பொருள். மூன்று மொழியிலும் எண் உடைந்துதான் கிடக்கிறது.

பெயர் பிழை இல்லை. ஆனால் சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும்போது இந்த 'உடைந்தது' இடறும். அப்பளத்தை உடைத்துப் பாருங்கள். நாலு துண்டு விழும், ஒன்று உள்ளங்கை அளவு, இன்னொன்று விரல் நுனி அளவு. அதில் ஒரு துண்டை எடுத்து 'இது கால்' என்று சொல்ல முடியுமா? பின்னத்துக்கு உயிரே சமமாகப் பிரிப்பதில்தான் இருக்கிறது, உடைதல் என்ற சொல்லில் அந்தச் சமம் இல்லை. 'எனக்குப் பெரிய பாதி வேணும்' என்று குழந்தைகள் கேட்பது இதனால்தான். பாதி என்றால் பெரிது சிறிது கிடையாது என்பதுதான் பின்னத்தின் முதல் பாடம்.

இந்த இடத்தில் கைகொடுக்கும் தமிழ் வேர் ஒன்று பாடப்புத்தகத்துக்கு உள்ளேயே இருக்கிறது. பின்னத்தின் கீழே எழுதும் எண்ணுக்குப் பகுதி என்றும் மேலே எழுதும் எண்ணுக்குத் தொகுதி என்றும் பெயர். பகுதி 'பகு' என்பதிலிருந்து வந்தது, எத்தனை பங்காகப் பகுத்தோம் என்பதைச் சொல்கிறது. தொகுதி 'தொகு' என்பதிலிருந்து வந்தது, அந்தப் பங்குகளில் எத்தனையைச் சேர்த்து எடுத்தோம் என்பதைச் சொல்கிறது. பாதி என்ற சொல்லும் பகு என்ற வேரைச் சேர்ந்ததுதான். 'பகுத்துண்டு' என்று தொடங்கும் 322ஆம் குறளில் இந்த இரண்டு வினையும் சேர்ந்தே வருகின்றன: முதல் அடி பகுத்து உண்ணச் சொல்கிறது, இரண்டாம் அடி நூலோர் தொகுத்தவற்றைப் பேசுகிறது. இவ்வளவு தெளிவான பெயர்களை 'மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி' என்று மனப்பாடம் செய்ய வைக்கிறோமே என்பதுதான் எனக்கு வருத்தம். தொகுதி என்றால் அந்த வயதுப் பிள்ளைக்குத் தேர்தல் நேரத்தில் கேட்ட சட்டமன்றத் தொகுதிதான் நினைவுக்கு வரும். பகு, தொகு என்று இரண்டு வினைகளையும் கையால் செய்து காட்டிவிட்டால் போதும், பெயர் தானாக ஒட்டிக்கொள்ளும்.

செய்து காட்டினேன். நாளிதழிலிருந்து ஒரு நீளத் துண்டு கிழித்து அவளிடம் கொடுத்தேன். ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு. பிரித்தால் நாலு கட்டம். "பகுத்தாச்சு. எத்தனை?" "நாலு." "இப்ப மூணு கட்டத்தைத் தொகு." மூன்றுக்கும் பென்சிலால் கோடு போட்டாள். அப்புறம்தான் எழுதச் சொன்னேன்: 3/4. அதை அவள் பள்ளியில் பழகியபடி 'மூணு பை நாலு' என்று படித்தாள். அப்படிப் படித்தால் அவை இரண்டு தனி எண்களாகவே காதில் விழும். 'நான்கில் மூன்று' என்று தமிழ் வரிசையில் படித்தால் முதலில் பகுத்தது வரும், பிறகு எடுத்தது வரும். கை செய்த வரிசையும் வாய் சொல்லும் வரிசையும் ஒன்றாகிவிடும்.

அடுத்து, எல்லாப் பிள்ளைகளும் விழும் குழி. 1/4 பெரியதா, 1/8 பெரியதா என்றேன். எட்டு நாலைவிடப் பெரியதாச்சே, 1/8 என்றாள். நான் மறுத்துப் பேசவில்லை. எங்கள் வீட்டில் அம்மா வைத்திருக்கும் பழைய உழக்கையும் ஆழாக்கையும் எடுத்துவந்தேன். உழக்கு என்பது கால்படி, ஆழாக்கு என்பது அரைக்கால்படி. ஆழாக்கில் அரிசி எடுத்து உழக்கில் கொட்டினாள். பாதிதான் நிறைந்தது. இன்னொரு ஆழாக்கு கொட்டினாள், உழக்கு தலைதட்டி நின்றது. "அரைக்கால்னா காலில் அரையா?" என்று அவளே கேட்டாள். ஆமாம், காலில் பாதி. காலைப் பாதியாக்கினால் எட்டில் ஒன்று. பின்னப் பெருக்கலே அந்தப் பெயருக்குள் இருக்கிறது, அந்தப் பெயரைத் தெரிந்த பிள்ளை 1/8 பெரியது என்று சொல்லாது.

கால், அரை இரண்டுமே உடம்பில் தொட்டுக்காட்டக்கூடிய சொற்கள். நாற்கால் விலங்கின் கால்களில் ஒன்று என்பதால் நான்கில் ஒன்றுக்குக் கால் என்று பெயர் வந்ததாகச் சொல்வது வழக்கம். வடமொழியிலும் பாதம் என்பது காலடியையும் குறிக்கும், நான்கில் ஒன்றையும் குறிக்கும். அரை என்றால் இடுப்பும்தான். அரைஞாண் கயிறு கட்டும் இடம், உடம்பின் நடு. முக்கால் என்றால் மூன்று கால். ஒன்றேகால், ஒன்றரை, ஒன்றேமுக்கால் என்று கடையில் சொல்கிறோமே, அவைதான் பாடத்தில் வரும் கலப்பு பின்னம். கடிகாரத்தில் நாலேகால், நாலரை, நாலேமுக்கால் பார்க்கத் தெரிந்த பிள்ளைக்குக் கலப்பு பின்னம் புதிதே இல்லை. சந்தையில் தரையில் எலுமிச்சம்பழத்தைக் கூறு போட்டு விற்பவரையும் காட்டலாம். இருபது பழம், நாலு கூறு. ஒரு கூறு மொத்தத்தில் கால். ஒரு பொருளை மட்டுமல்ல, ஒரு கூட்டத்தையும் பகுக்கலாம் என்பது அங்கே கண்ணுக்குத் தெரியும்.

சரி, பின்னத்துக்குத் தமிழ்ச் சொல் என்ன? பழைய கணக்கு நூல்களில் கீழ்வாயிலக்கம் என்று இருக்கிறது. ஒன்று முதல் மேலே போவது மேல்வாயிலக்கம், ஒன்றுக்குக் கீழே இறங்குவது கீழ்வாயிலக்கம். எவ்வளவு அழகான பெயர்! அதில் மா என்றால் 1/20, காணி 1/80, முந்திரி 1/320. சோழர் காலக் கல்வெட்டுகளில் நில அளவுகள் இந்தப் பெயர்களில்தான் வருகின்றன. தஞ்சை வட்டாரத்தில் இன்றும் மூன்று மா நிலம் என்பார்கள். வேலி என்ற பழைய நில அளவுக்கு இருபது மா. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் இவற்றை எண்சுவடி என்ற வாய்பாட்டு நூலில் பாட்டாகப் பாடி மனத்தில் பதித்தார்கள். 1957 ஏப்ரல் 1 அன்று பதினாறு அணா ரூபாய் போய் நூறு பைசா ரூபாய் வந்தது, அடுத்த சில ஆண்டுகளில் படியும் வீசையும் போய் லிட்டரும் கிலோவும் வந்தன. எல்லாம் பத்து பத்தாகப் பிரிந்ததும் காணிக்கும் அரைக்காலுக்கும் அன்றாட வேலை இல்லாமல் போனது. இந்தப் பின்னங்களுக்குத் தமிழில் இருந்த தனிக் குறிகள் 2019இல் கணினி எழுத்துகளுக்கான பொதுத் தரமான யூனிகோடில் சேர்ந்தன.

கீழ்வாயிலக்கத்தை அப்படியே மூன்றாம் வகுப்பில் திணிக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். பகுவெண் என்று வைக்கலாமே என்றால், பகு எண் ஏற்கெனவே வேறு பொருளில் இருக்கிறது. 4, 6, 9 போலப் பிற எண்களால் வகுபடும் எண்ணுக்கு அந்தப் பெயர். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பாடநூல்களில் வேரூன்றிவிட்ட பின்னம் இருக்கட்டும். ஆனால் பாடம் பங்கு, கூறு, பாதி, கால் என்று தொடங்கட்டும். பிள்ளை நாலைந்து முறை பகுத்துத் தொகுத்த பிறகு, 'இதற்குத்தான் பின்னம் என்று பெயர்' என்று சொல்லலாம்.

அன்று மாலை அவள் அந்தக் காகிதத் துண்டை மறுபடியும் எடுத்து மூன்றாவது மடிப்பும் மடித்தாள். எட்டுக் கட்டம், ஒவ்வொன்றும் அரைக்கால். நாலாவது மடிப்புக்குக் காகிதம் தடித்துப்போய் விரல் நகத்தால் அழுத்த வேண்டியிருந்தது. பிரித்து எண்ணினாள், பதினாறு. "இதுக்கும் பேர் இருக்கா மாமா?" இருக்கிறது, வீசம். மாகாணி என்றும் சொல்வார்கள். ஒரு மாவும் ஒரு காணியும் சேர்ந்தது மாகாணி. இருபதில் ஒன்றையும் எண்பதில் ஒன்றையும் கூட்டினால் எண்பதில் ஐந்து, அதாவது பதினாறில் ஒன்று. அந்தக் கூட்டல் அவளுக்கு மேல் வகுப்பில்தான் வரும். இப்போதைக்கு ஒரு கட்டத்துக்குள் மாகாணி என்று எழுதிவைத்துக்கொண்டாள்.